காலடியில் கிடந்த வயலின்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கடிதம் எழுதியிருக்கிறேன், கடைச் சாமான் துண்டு எழுதியிருக்கிறேன், இப்படிப் பந்தி பந்தியாக எழுதிப் பழக்கமில்லை. எழுத்து வளைந்து வளைந்துதான் போகும். மறதியும் இருக்கிறது. எங்கள் முதியோர் கூடலின் மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் ஊர்க் கோயில், பள்ளிக்கூடம் என்று தொடங்கினார்கள். எனக்கு இந்த ஒரு நாள்தான் மனதில் நிற்கிறது. வாயால் சொல்ல எனக்கு வெட்கம். கொப்பியில் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இது மூன்று கோடைக்கு முன்னால் நடந்தது. நாலாகவும் இருக்கலாம்.

என் மகளுக்கு அப்போது முப்பத்தொன்பது முடிந்து நாற்பது நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா உயிரோடு இருந்தபோது பேசி வந்த கலியாணங்களை எல்லாம் தட்டிவிட்டவள். அவர் போன பிறகு நான் அந்தக் கதையையே எடுப்பதில்லை. ஒரு குளிர்காலம் அவளே வந்து, அம்மா ஒரு ஆள் இருக்கிறார் என்று சொன்னாள். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிறவர். வெள்ளைக்காரர். அவருடைய பாட்டன் பூட்டன் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். ஒஷாவாவும் தாண்டி இரண்டு மணி நேரம் ஓடினால் வருகிற ஒரு சின்ன ஊரில் அவருடைய தாய் தனியாக இருக்கிறார். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

அந்தத் தாய்க்கு என் மகளைப் பிடித்திருந்ததாம். ஆனால், "அவள் நல்லவள்தான், அவளுடைய ஆட்களை எனக்குத் தெரியாதே" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அவளுடைய ஆட்கள் என்றால் இந்த நாட்டில் நான் ஒருத்திதான். மூத்தவன் ஜெர்மனியில். ஆகவே அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் என் பிள்ளையை எடைபோடப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. போய்ப் பார்க்கிற நாளாக, அந்த ஊரில் ஆண்டுக்கொரு முறை நடக்கிற அயர்லாந்துப் பாட்டுத் திருவிழாவின் நாளைக் குறித்தார்கள்.

எங்கள் வீடு இருக்கிற ஸ்காபரோவிலிருந்து காலையில் புறப்பட்டோம். மகள்தான் கார் ஓடினாள். மாப்பிள்ளையாக வரப்போகிறவர் முதல் நாளே போய்விட்டார். பிக்கறிங் என்ற ஊரைத் தாண்டியதும் அவள் புத்தி சொல்லத் தொடங்கினாள்.

"அம்மா, அங்கை போய் ஒரு மூலையிலை இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ."

"பின்னை எங்கை பார்க்கிறது?"

"ஆக்களின்ரை முகத்தைப் பார்த்துச் சிரியுங்கோ. அவ்வளவு காணும்."

"பல்லில்லாத வாயைக் காட்டிச் சிரிச்சா உன்ரை மாமி பயந்து போவா."

"பல்லு உங்கடை பையுக்குள்ளை கிடக்குது. எடுத்துப் போடுங்கோ."

"இப்பவே போட்டாப் பல்முரசு நோகும். கிட்டப் போனாப் போடுறன்."

"கிட்டப் போனாச் சொல்ல மாட்டன். இப்பவே போடுங்கோ."

போட்டேன். அவள் இரண்டு கையாலும் ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறக்காமல், ஒரு பிழையும் விடாமல் இந்த ஒரு நாளைக் கடத்திவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதைத்தான் கும்பிட்டேன்.

திருவிழா என்றால் நான் மேடை, மைக், முன்வரிசையில் கதிரை என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில் மண்டபம், வெளியே சாப்பாட்டுக் கூடாரம், அப்பால் இன்னொரு கட்டடம். மண்டபத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் கதிரைகளை வட்டமாகப் போட்டு முழங்கால் முட்ட இருந்து வாசித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார்கள். வயலின், சுருக்கி விரிக்கிற பெட்டி, ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய மேளம், தகரத்தில் செய்த சின்னக் குழல். ஒரு பாட்டு முடிகிறதென்று நினைத்தால் அது இன்னொன்றுக்குள் போய்விடும். கைதட்ட இடமே இல்லை. அவர்கள் தங்களுக்காகத்தான் வாசித்தார்கள், நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா வந்து என் கையைப் பிடித்தார். உயரமான மனிசி, கட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமயிர். என் வயதுதான் இருக்கும். சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்றேன். கொண்டுபோன பயத்தம் பணியாரத் தகரத்தைக் கொடுத்தேன். வாங்கி, திறந்து, மணந்து பார்த்து, மூடி, மேசையில் வைத்தார். பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

பிறகு தன்னுடைய வயலினைக் காட்டினார். அவர்கள் அதைப் பிடில் என்கிறார்கள். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அவவின்ரை அப்பா கப்பல்லை கொண்டு வந்ததாம். நாலு மணிக்கு எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து வாசிக்கிறது. அதை இந்தப் பிடிலாலைதான் தொடங்குறவையாம். முந்தி அப்பா தொடங்குறவர். இப்ப இவ."

நான் அந்த வயலினைத் தொடவில்லை, பார்த்துத் தலையை ஆட்டினேன். கறுத்து மினுங்கிய பழைய மரம். ஒரு ஓரத்தில் யாரோ நாடி வைத்து வைத்துத் தேய்ந்த இடம்.

நடுப்பகல் போல அந்த அம்மா வயலினைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தன் கதிரைக்குக் கீழே நிலத்தில் தள்ளிவிட்டு, மற்றக் கட்டடத்துக்குப் போனார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி. புள்ளி போட அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் சாப்பாட்டுக் கூடாரத்தில் நின்றார்கள். நான் மண்டபச் சுவரோரத்து நீளப் பலகை வாங்கில் தனியாக இருந்தேன். சத்தம் தலையை இடித்தால் காருக்குள் போய்ச் சாய்ந்திருங்கோ என்று மகள் கார்த் திறப்பை என்னிடம் தந்திருந்தாள்.

அங்கேயிருந்து பார்த்தால் எனக்கு நேரே அந்தப் பெட்டி. பக்கத்தில் இருந்த ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சேறு காய்ந்த சப்பாத்து. ஒவ்வொரு தட்டுக்கும் சப்பாத்தின் நுனி பெட்டியில் பட்டது. நான் என்னை அறியாமலே விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு பின்னால் வந்த ஒருவர் கதிரைகளுக்கு இடையில் பெட்டியைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் தாண்டினார். பிறகு ஒரு பியர்க் கிளாஸ் சரிந்து, பியர் பலகை நிலத்தில் மெல்ல மெல்லப் பெட்டிப் பக்கம் வடிந்தது. யாரும் பார்க்கவில்லை.

என் மகள் சின்னதில் ஸ்காபரோவில் வயலின் படித்தவள். எங்கள் வீட்டில் அந்த வயலின் அலுமாரிக்கு மேலே துணி விரித்துத்தான் இருக்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் தொட்டுக் கும்பிடுவாள். பாய் விரித்த பிறகுதான் அதை நிலத்துக்கு இறக்குவது. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீடு எங்களுடையது. இதில் நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. பழக்கம். கை பொறுக்கவில்லை.

எழும்பிப் போனேன். குனிந்து பெட்டியை எடுத்தேன். உயரமாக ஒரு இடம் தேடினேன். ஜன்னல் விளிம்பு ஒடுக்கம். பியானோவின் மேலே பியர்க் கிளாசுகளும் பாதி தின்ற இறைச்சிக் கோப்பையும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. துப்புரவான இடம் எங்கள் கார்தான் என்று தோன்றியது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலால் வெளியே போனேன்.

யாரையும் கேட்கவில்லை. எனக்குப் பாஷை தெரியாதே என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. கையால் காட்டிக் கேட்டிருக்கலாம். வெட்கம், அவ்வளவுதான். என்னையும் யாரும் கேட்கவில்லை. சேலை கட்டிய ஒரு கிழவி வயலின் பெட்டியோடு சனத்துக்குள்ளால் நடந்து போனாள். இரண்டு பேர் வழிவிட்டு நின்று சிரித்தார்கள்.

காரின் பின்சீற்றில் என் கம்பளிச் சால்வையை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து, மற்றப் பாதியால் மூடினேன். கதவைப் பூட்டினேன். ஜூலை மாதம். கார் நடு வெயிலில் நின்றது. நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு கடமை முடித்த நிம்மதியோடு கூடாரத்துக்குப் போனேன்.

மகளிடம் சொல்லத்தான் போனேன். அவள் மாப்பிள்ளையின் மச்சாள்மார் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அப்படித் தலையைப் பின்னால் எறிந்து சிரித்ததை நான் காணவில்லை. நடுவில் போய்க் கூப்பிட மனம் வரவில்லை. மாப்பிள்ளை என்னைக் கண்டு வந்தார். மகள் பழக்கிவிட்ட தமிழ்.

"அம்மா, சாப்பிட்டாச்சோ?"

"ஓம், ஓம்."

"பொய்," என்றார். அதையும் அவள்தான் பழக்கியிருக்க வேண்டும். கோப்பையில் உருளைக்கிழங்கு போட்டுத் தந்தார்.

இரண்டரை மணி போல மகள் அவசரப்பட்டு ஓடி வந்தாள். தன் கைப்பையை என் மடியில் போட்டாள்.

"அம்மா, திறப்பைத் தாங்கோ. ஐஸ் முடிஞ்சு போச்சாம். இஞ்சை கடையிலையும் இல்லையாம். நானும் இவரும் அடுத்த ஊர் ரவுணுக்கு ஓடிப்போட்டு வாறம்."

"பிள்ளை, பின்சீற்றிலை..."

"உங்கடை சால்வை இருக்கட்டும் அம்மா. நான் தொட மாட்டன்."

போய்விட்டாள். கார் திரும்புகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, நாலு மணிக்கு முன்னம் வருவார்கள்தானே என்று நினைத்தேன்.

மூன்று மணி தாண்டி மண்டபத்துக்குள் வந்து பழைய வாங்கில் இருந்தேன். அந்த அம்மா போட்டி முடிந்து வந்தார். கதிரைக்குக் கீழே கையை விட்டார். குனிந்து பார்த்தார். பக்கத்துக் கதிரையை நகர்த்தினார். அவசரமில்லாமல்தான் தேடினார். பிறகு மற்றக் கதிரைகளையும் இழுக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வயலின்கள் நின்றன, சுருக்கி விரிக்கிற பெட்டி நின்றது, மேளக்காரர் மட்டும் கண்ணை மூடியபடி இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். யாரோ தோளில் தொட அவரும் நிறுத்தினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தப் பெட்டி இருக்க வேண்டிய இடம் அந்த நிலம்தான் என்று.

எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை. மகளைக் கூப்பிடலாம் என்று என் போனை எடுத்து அவளுடைய படத்தில் அமத்தினேன். என் மடியில் இருந்த அவளுடைய கைப்பைக்குள் மணி அடித்தது. பக்கத்தில் இருந்த பெண் அந்தப் பையைக் காட்டிச் சிரித்தார். நான் போனை நிறுத்தினேன். மாப்பிள்ளையின் நம்பர் என்னிடம் இல்லை.

திருவிழாவை நடத்துகிற ஒருவர், பச்சைத் தொப்பி போட்ட பெரிய உடம்புக்காரர், வந்தார். எல்லாரும் மேசைக்குக் கீழே பார்த்தார்கள், மேலங்கிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பெண் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். அவர் வாங்கவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

நான் கணக்குப் போட்டேன். இப்போது நான் எழும்பி, எடுத்தது நான்தான் என்றால் இத்தனை சனமும் என்னைப் பார்க்கும். என் பிள்ளையின் ஆட்கள் இப்படிப்பட்டவர்கள் என்று அந்த அம்மா நினைப்பார். கார் இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சந்தடியில்லாமல் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்துவிட்டால், இஞ்சை கிடக்குது என்று யாராவது எடுப்பார்கள். பத்து நிமிடம் பொறு என்று எனக்குச் சொன்னேன்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் அது நடந்தது.

காலையிலிருந்து வட்டத்தின் ஓரத்தில் ஒருவர் இருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது. அந்த வெயிலிலும் தடித்த மேலங்கி. தகரக் குழல் வாசித்தார். யாரோடும் வந்தவராகத் தெரியவில்லை, யாரும் அவரோடு பேசியதையும் நான் காணவில்லை. ஆனால் அவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தலையைத் திருப்பிக் கேட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பயணப் பை. அந்த அம்மாவின் கதிரைக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் அவருடைய இடம்.

யாரோ ஒருவர் பச்சைத் தொப்பிக்காரரின் காதில் ஏதோ சொன்னார். அவர் அந்த மனிதரிடம் போய்ச் சிரித்தபடிதான் கேட்டார். அந்த மனிதர் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இதற்கிடையில் இன்னொருவர் போய் வாசலில் நின்றுகொண்டார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. தானாகவே போய் நின்றார்.

அந்த மனிதர் முழந்தாளிட்டுப் பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார். ஒரு சேட். பாண் ரொட்டி சுற்றி வந்த பையில் சுற்றிய ஒரு சோடிச் சப்பாத்து. அரைவாசிப் பாண். உள்ளுடுப்பு. பல் தீட்டுகிற தூரிகை. ஒரு மருந்துப் போத்தல். வயலின் பெட்டி அதற்குள் இல்லை என்பது சேட்டை எடுத்த உடனேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பச்சைத் தொப்பிக்காரர் கையைக் காட்டி, காணும், போதும் என்பது போல ஏதோ சொன்னார். அந்த மனிதர் நிறுத்தவில்லை. சின்னச் சாமான்களையும் எடுத்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, கோடு பிடித்தாற்போல அடுக்கினார்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் சோதனைச் சாவடியில் ஒரு நாள் என்னுடைய பையை அப்படித் திறந்தார்கள். ஆமிக்காரன் என் உள்பாவாடையைத் துவக்கின் நுனியால் தூக்கிக் காட்டினான். பின்னால் வரிசையில் எங்கள் ஊர்ச் சனம் முழுக்க நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எனக்கு அது தெரியும். அப்படியிருந்தும் நான் அந்த வாங்கில் இருந்தேன்.

கடைசியில் அவர் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். பாண் தூள் கொட்டியது.

அப்போதுதான் எழும்பினேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கொப்பியே எடுத்தேன். நான் எழும்பியது பை வெறுமையான பிறகு. அதற்கு முன்னம் இல்லை.

அந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். வாய்க்குள் பல்லுக் கட்டு ஆடியது. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "மீ," என்றேன். "வயலின். மீ. கார்."  நான் அந்தப் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்தது போலக் கையால் செய்து காட்டினேன். திரும்பி, நிலத்தில் இருந்த அந்த மனிதரைக் காட்டி, "நோ. நோ ஹிம்," என்றேன். என் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"சன்?"

விரலால் வெயிலைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கார் வர இன்னும் நேரம் எடுத்தது. எவ்வளவு என்று தெரியாது. எல்லாரும் வெளியே போய்ப் புல்லில் நின்றோம். என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கார் வந்து நின்றதும் மகள் சிரித்துக்கொண்டே இறங்கினாள், சனத்தைக் கண்டதும் சிரிப்புப் போய்விட்டது. மாப்பிள்ளை பின்கதவைத் திறந்து என் சால்வையை விலக்கினார். சுட்டுக்கொண்டிருந்த பெட்டியைத் திறந்து வயலினைக் கையில் எடுத்தார், தாயிடம் கொடுத்தார். வயிற்றுப் பலகையும் பக்கப் பலகையும் சேருகிற இடம் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. நகம் போகிற அளவு இடைவெளி. மூடிய காருக்குள் வெயிலில் பசை இளகிவிடுமாம். அந்த அம்மா நகத்தால் அந்த வெடிப்பில் மெல்லத் தடவிப் பார்த்தார்.

மகள் என் காதோடு பேசினாள்.

"அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"நிலத்திலை கிடந்தது பிள்ளை."

"நிலத்திலை கிடந்தா?"

"கால் பட்டது. தாண்டிப் போச்சினம். பியர் வேறை ஊத்திக்கொண்டு வந்தது."

அவள் என்னையே பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது, அது எனக்குத் தெரிந்தது. விளங்கியதால் என்னை ஏசவும் முடியாமல் நின்றாள். பிறகு திரும்பி அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னாள். இடையில் அவளும் விரலைக் கண்ணில் ஒற்றிக் காட்டினாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"அவவின்ரை அப்பா உந்தப் பிடிலை அம்பது வருசம் கட்டிலுக்குக் கீழை வைச்சிருந்தவராம்."

அது கோபமா பகிடியா என்று மகளுக்கும் தெரியவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை.

பிறகு அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தக் குழல்காரர் எங்கே என்று கேட்டார். பச்சைத் தொப்பிக்காரர் மண்டபத்துக்குள் போனார். மாப்பிள்ளை தெருவரைக்கும் ஓடினார். வேறு இரண்டு பேர் தேவாலயத்தின் பின்பக்கம் போனார்கள். நாங்கள் எல்லாரும் வெளியே காரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாலு மணி அடித்தது. அந்த அம்மா தொடங்க மாட்டேன் என்றார். "அந்த ஆள் வந்து தொடங்கட்டும் எண்டு சொல்றா," என்று மகள் சொன்னாள். இருபது நிமிடம் எல்லாரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர் வரவில்லை. கடைசியில் அந்த அம்மா வேறொருவரின் வயலினை இரவல் வாங்கித் தொடங்கினார். வாசலைப் பார்த்தபடியேதான் வாசித்தார். நான் உள்ளே போகவில்லை. வெளிப்படியில் நின்று கேட்டேன்.

திரும்பி வரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒஷாவாவுக்குக் கிட்ட வந்ததும் மகள் கேட்டாள்.

"ஏன் அம்மா முதலே சொல்லேல்லை? அந்த மனிசனைப் பை திறக்க விட்டிட்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"உனக்காகத்தான் பிள்ளை. உன்ரை காரியம் குழம்பிப் போடும் எண்டு..."

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ," என்றாள். "அதை மட்டும் எனக்காக எண்டு சொல்லாதேங்கோ."

நான் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அது எனக்காகத்தான். சனம் என்னைப் பார்க்கும் என்ற பயத்துக்காக.

கலியாணம் நடந்தது. அடுத்த வசந்தத்தில், ஸ்காபரோவில், தாலி கட்டித்தான். அந்த அம்மா வந்தார். வெடிப்பைப் பசை வைத்து ஒட்டியாகிவிட்டது. சத்தத்தில் வித்தியாசம் இல்லை என்று மருமகன் சொல்கிறார், இருக்கிறது என்று அவருடைய தாய் சொல்கிறாராம். நானும் அந்த அம்மாவும் இப்போது ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் சந்திக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் இருந்து ரீ குடிப்போம். அந்த வயலினை அவர் என் கையில் தருவதில்லை. நானும் கேட்பதில்லை. என்னை அவர் எப்படி எடைபோட்டார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அறிய வேண்டியது அந்த மனிதரைப் பற்றித்தான். அடுத்த நாளே அவரைத் தேடிப் பிடித்ததாக மருமகன் சொன்னார். நெடுஞ்சாலைக்குப் பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் தன் மச்சான் ஒருவர் அவரைக் கண்டு, எல்லாம் சொல்லி, ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்டதாகவும், அவர் சிரித்துவிட்டு ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். மகளிடம் கேட்டேன். "அப்பிடித்தான் சொன்னவை அம்மா," என்றாள். சொல்லும்போது அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஆறுதலுக்காகக் கட்டிய கதையோ என்று ஒரு சந்தேகம். அந்த அம்மாவிடமே கேட்கலாம். கேட்கிற அளவுக்கு எனக்குப் பாஷையும் இல்லை, துணிவும் இல்லை.

இதைத் தட்டச்சுச் செய்கிற பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். நான் எழுதியதில் பிழை இருக்கும். அவருடைய பை கறுப்பா கடும் நீலமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை, அதனால்தான் நிறம் எழுதவில்லை. நேரங்களும் முன்பின்னாக இருக்கலாம். மகளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். அந்தப் பெற்றோல் நிலையக் கதையை மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். அந்த அம்மாவின் நம்பரை மருமகனிடம் வாங்கி, நீங்களே போன் எடுத்து, அந்த மனிதருக்கு யாராவது நேரில் போய்ச் சொன்னார்களா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னாலும் என்னிடம் அப்படியே சொல்லுங்கள்.